நூற்றிரண்டு சென்டிமீட்டர்

நாங்கள் பிரான்ஸுக்குப் போனது ஒரு கைப்பையின் கைப்பிடி சரியில்லாததால். என் கணவர் ஜெபராஜுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை இருக்கிறது. பாரிஸில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் அவரிடம் பைகள் வாங்குகிறாள். கைப்பிடியை எங்கே வைப்பது என்று ஆறு மாதம் போனில் பேசியும் இருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில், நேரில் வந்து பார் என்று கடிதம் அனுப்பிவிட்டாள். ஜெபராஜ் அந்தக் கடிதத்தை வீட்டில் மூன்று தடவை வாசித்துக் காட்டினார். மூன்று தடவையும் அர்த்தம் சொன்னது நான்.

"மூணு பேருமா போயிட்டு வந்துருவோம்ட்டி. பிள்ளைக்கும் லீவுதான" என்றார்.

பிள்ளை என்றது எங்கள் மகள் அக்சாவை. ஆறு வயது. பைபிளில் இருந்து எடுத்த பெயர். பம்பாயில் அது ஒரு கடற்கரையின் பெயரும்கூட என்பது எங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் முடிந்த பிறகு தெரியும். இன்றுவரை யாராவது, "பிக்னிக் போனப்ப வெச்ச பேரா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

பாரிஸில் இரண்டு நாள் வேலை, அப்புறம் இரண்டு நாள் பார்க் என்று முடிவானது. எந்தப் பார்க் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், எனக்கு எதற்கு அந்தப் பாவம். ஊருக்கு வெளியே ரயிலில் போக வேண்டும். கோட்டை இருக்கும். பொம்மை வேஷம் போட்டவர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிப்பார்கள். அக்சாவுக்குக் கோட்டையும் வேண்டாம், கட்டிப்பிடியும் வேண்டாம். அங்கே சுரங்க ரயில் ஒன்று உண்டு. குன்றைச் சுற்றி ஏறி, இருட்டுக்குள் தொப்பென்று விழுந்து, உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் அலற அலற வெளியே வரும். அதன் வீடியோவை அவள் காலையில் பால் குடிக்கும்போதும் பார்த்தாள், மாலையில் பால் குடிக்க மாட்டேன் என்று சொல்லும்போதும் பார்த்தாள்.

அந்த வீடியோவின் கடைசியில் ஒரு படம் வரும். ஒரு கம்பு, பக்கத்தில் ஒரு பிள்ளை, கம்பில் 102 என்ற கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் ரயிலில் ஏற்ற மாட்டார்கள். அக்சா அப்போது சரியாக நூறு சென்டிமீட்டர். வயதுக்குக் குள்ளம்தான். அது என் பக்கத்துச் சொத்து. ஜெபராஜ் வீட்டில் எல்லாரும் நெட்டை.

அன்றிலிருந்து எங்கள் வடாலா வீட்டில் வேறு பேச்சே இல்லை. முட்டையைக் கண்டாலே ஓடுகிறவள் தினமும் ஒன்று கேட்டு வாங்கித் தின்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். தொங்கினால் நீளலாம் என்று பள்ளிக்கூடத்தில் எவனோ சொன்னானாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் உடுப்பு மாற்றாமல் அடுக்களைக் கதவில் சாய்ந்து நிற்பாள். ஜெபராஜ் பட்டறையின் இரும்பு ஸ்கேலைத் தலையில் வைத்து பால்பென்னால் கோடு போடுவார். விசா வந்த வாரம் நூற்று மூன்று. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு நூற்று நாலு. விசாவுக்கு நாங்கள் ஸ்வீட் வாங்கவில்லை. இதற்கு வாங்கினோம்.

பாரிஸில் இறங்கிய அன்று மழை. நம் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும் ஏப்ரல் மாதம், அங்கே பல் தந்தியடித்தது. நல்லவேளையாக அக்சாவுக்கு மஞ்சள் ரெயின்கோட் எடுத்து வைத்திருந்தேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கியது. வளரும் பிள்ளை என்று வழக்கம்போல இரண்டு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தேன். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிவிடும். நடந்தால் தபால்பெட்டி நடப்பது மாதிரி இருந்தது.

ஹோட்டல் லிஃப்டில் மூன்று பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தது. எந்த மூன்று பேர் என்று எழுதவில்லை. நானும் ஒரு பெட்டியும் போனோம். பிறகு ஜெபராஜும் ஒரு பெட்டியும் வந்தார்கள். அக்சா மாடிப்படியில் எங்களுக்கு முன்னால் போய் நின்றாள். பிரெட் வாங்கி வருகிறேன் என்று போன ஜெபராஜ் விறகுக்கட்டை நீளத்தில் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பேப்பர்கூடச் சுற்றவில்லை.

"இங்கன எல்லாரும் இப்பிடித்தான் கொண்டு போறாவ" என்றார்.

மேலண்ணம் கிழிந்தது. ஆனால் ருசியை மறுக்க முடியாது. எள்ளுப்பொடியில் எண்ணெய் விட்டுத் தொட்டுத் தின்றோம். பாதிக் கட்டையை நானே தீர்த்தேன். இதைத் தின்று எப்படி இந்த ஊர்ப் பெண்கள் ஒல்லியாக இருக்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

இரண்டாம் நாள் கைப்பிடிப் பிரச்சினை. அந்தக் கடைக்கார அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி நடந்து காட்டினாள். ஒவ்வொரு அடிக்கும் முழங்கை பையின் கொக்கியில் இடித்தது. ஜெபராஜ், "அட, இதான?" என்றார். ஆறு மாதத்துப் பிரச்சினை ஆறு நிமிஷத்தில் முடிந்தது. அதன் பிறகு இருவரும் தையல் நூலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. நானும் அக்சாவும் ஹோட்டலுக்குக் கிளம்பிவிட்டோம்.

மெட்ரோவில் போனோம். வெளிநாடு என்பதால் அக்சாவுக்கும் ஒழுங்காக டிக்கெட் எடுத்திருந்தேன். பாதி வழியில் சீருடை போட்ட இரண்டு பேர், தொப்பியும் தோளில் குறுக்காகத் தொங்கும் பையுமாக ஏறி, ஒவ்வொருவரிடமும் டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு எதிரே காதில் ஒயர் மாட்டிய காலேஜ் பெண் ஒருத்தி. அவளிடம் டிக்கெட் இல்லை. அழுதுகொண்டே ஏதோ சொல்லிப் பார்த்தாள். அடுத்த ஸ்டேஷனில் அவளை இறக்கிக் கூட்டிப் போனார்கள்.

"மம்மி, அந்த தீதிய ஏன் பகட் பண்ணிட்டுப் போறாங்க?" அக்சாவுக்குத் தமிழும் இந்தியும் ஒரே மொழி. அக்காவைத் தீதி என்பாள், பிடிப்பதைப் பகட் என்பாள்.

"டிக்கெட் எடுக்கல. பிடிச்சிட்டாங்க."

"ஜெயில்ல போடுவாங்களா?"

"போடுவாங்க" என்றேன். பிள்ளைகளிடம் வேறு என்ன சொல்வது. அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் வந்ததே பெரிய காரியம் என்று நான் நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதியில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி மழையில் திரும்பி நடந்தோம்.

அப்படி நடந்ததில்தான் தமிழ் போர்டு கண்ணில் பட்டது. தெரு முழுக்கத் தமிழ்க் கடைகள், ஈழத்துக்காரர்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தோம். கல்லாவில் இருந்தவர், "வாங்கோ, இருங்கோ. எங்கயிருந்து வாறியள்?" என்றார்.

"பம்பாய்."

"பம்பாயோ? அங்க தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

நிறைய இருக்கிறோம் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. அதற்குள் அக்சா, "மம்மி, மேரெக்கு சாம்பார் வேணா, சிக்கன் சாஹியே" என்றாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை என்ன பாஷை கதைக்கிறா?"

"தமிழ்தான்" என்றேன்.

இடியாப்பமும் கோழிக் குழம்பும் வந்தன. இரண்டு நாள் பிரெட் தின்ற நாக்குக்கு அழுகையே வந்துவிட்டது. பார்க்குக்கும் இரண்டு பார்சல் கட்டி வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பார்க். முந்தின ராத்திரியே அதன் பக்கத்தில் இருந்த வேறொரு ஹோட்டலுக்கு மாறியிருந்தோம். அங்கிருந்து பார்க்குக்கு அவர்களே பஸ் விடுகிறார்கள், ஆனால் அன்று காலை அவசரத்தில் நடந்தே போய்விட்டோம். கேட் திறப்பதற்கு முன்பே அக்சா அங்கே நின்றாள். கோட்டையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே சுரங்க ரயில்.

அங்கே வரிசையில் யாரும் யாரையும் முந்தவில்லை. தாதரில் ரயில் ஏறிப் பழகியவளுக்கு அது என்னவோ போல் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த இடைவெளியை முழங்கையால் காப்பாற்றிக்கொண்டே போனேன். அந்த இடைவெளி யாருக்கும் தேவைப்படவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நான் வெளியே வந்துவிட்டேன். ராட்டினம், இந்த மாதிரி விளையாட்டு ரயில், தூரி எதிலும் நான் ஏறுவதில்லை. குமட்டும். பைகளை வைத்துக்கொண்டு தடுப்புக்கு வெளியே நின்றேன். அளக்கும் இடம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

தொப்பி போட்ட ஒரு பெண் கையில் கம்புடன் நின்றாள். சின்ன வயது, மூக்கெல்லாம் புள்ளி, தோளில் குறுக்காக ஒரு பை. அக்சாவிடம் குனிந்து சிரித்து ஏதோ கேட்டாள். அக்சா ஏதோ சொன்னாள். அந்தப் பெண் கம்பை மஞ்சள் ரெயின்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். ஜெபராஜ் இரண்டு கையையும் விரித்தார். அவள் மறுபடி அளந்தாள். மறுபடி தலையை ஆட்டினாள்.

அடுத்து ஜெபராஜ் செய்ததை நான் மறைக்க விரும்பவில்லை. பேண்ட் பாக்கெட்டிலிருந்து பட்டறை டேப்பை எடுத்து அந்தக் கம்பை அளந்தார். வரிசையே வேடிக்கை பார்த்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு மராத்தி ஜோடி. "அங்க பாரு, கம்பையே அளக்கான் ஒருத்தன். நம்ம ஊராத்தான் இருக்கணும்" என்று புருஷன்காரன் மராத்தியில் சொன்னான். "இங்க யாருக்கு மராத்தி புரியப்போவுது, சத்தமாவே சொல்லு" என்றாள் பெண்டாட்டி. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கம்பு சரியாக இருந்தது. அப்புறம் தன் டேப்பாலேயே அக்சாவை அளந்தார். தொண்ணூற்றெட்டு.

வெளியே வந்தபோது ஜெபராஜின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஆறு சென்டிமீட்டர் காணோம்ட்டி" என்றார். ஏர்போர்ட்டில் பெட்டி காணோம் என்கிற மாதிரி சொன்னார்.

நான் அக்சாவைத் தூக்கிக்கொண்டேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பென்சில் முனை உடைந்தால் அரைமணி நேரம் அழுகிறவள் அவள். அழவில்லை. "பரவால்ல டாடி. நாம போட்ல போவோம்" என்றாள். ஜெபராஜுக்குத்தான் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்தினார்.

அன்று முழுவதும் நடந்தோம். கோட்டை பார்த்தோம். படகில் போனோம். ஒரு கரடி எங்கள் மூவரையும் கட்டிப்பிடித்தது. சுரங்க ரயிலின் சத்தம் பார்க் முழுக்கக் கேட்டது. அது கேட்கும்போதெல்லாம் அக்சா பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

ஜெபராஜ் காரணம் தேடிக்கொண்டே வந்தார். கடைசியில் தொழில் கைகொடுத்தது. "குளிருட்டி. தோலு குளிர்ல சுருங்கும்லா? மாட்டுத்தோலே சுருங்குது, இது சின்னப்பிள்ள தோலு" என்றார். இந்த மனுஷன் பட்டறை நடத்துகிறார், பதினாறு பேருக்கு வேலை கொடுக்கிறார். அதை நினைத்துக்கொண்டே பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் ஹோட்டல் ரூமில் ஹீட்டரைக் கூட்டி வைத்து, அவளைக் குளியலறைக் கதவில் சாய்த்து அளந்தார். நூற்று நாலு. ஜெபராஜ் என்னைப் பார்த்த பார்வையில் நோபல் பரிசு வாங்கின களை இருந்தது. நாளைக்கு ரெண்டு சாக்ஸ், ரெண்டு ஸ்வெட்டர், வயிறு நிறைய இடியாப்பம், நேரே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டியது என்றார். டிக்கெட் இன்னும் ஒருநாளைக்கு இருந்தது. அதோடு சரி. அதற்கு அடுத்த நாள் விமானம்.

"பயந்தும் போயிருக்கா பிள்ள. அந்தப் பொண்ணு வயசு கேட்டதுக்கு நாலுன்னு சொல்லுதா, பாத்துக்க" என்றார்.

நான் பார்சலைப் பிரித்து மோந்து பார்த்தேன். இடியாப்பம் கெடவில்லை என்று மட்டும் சொன்னேன்.

நாலாம் நாள் காலை மழை வலுத்ததால் பஸ்ஸில் போனோம். முதலில் ஜெபராஜ் ஏறினார். பின்னால் அக்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் தொப்பி போட்ட டிரைவர் எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த கை சட்டென்று கீழே இறங்கியது. குனிந்து பார்த்தேன். ரெயின்கோட்டின் ஓரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையில் அது கணுக்காலில் இருந்தது.

"ஏட்டி, ஏன் முட்டிய மடக்குத?"

"சும்மா இரு மம்மி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "டிரைவர் அங்கிள் பாக்காரு."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சுனாபட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அக்சாவும் அங்கேதான் படிக்கிறாள். தினமும் வடாலாவிலிருந்து பஸ். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. அக்சாவுக்கு ஐந்து முடிந்த வாரம் கண்டக்டர் கேட்டார், நான் நாலு என்றேன். எல்லாரும் சொல்வதுதான். கண்டக்டருக்கும் தெரியும், கேட்கணுமே என்று கேட்பார். ஒருநாள் ஒரு கண்டக்டர், "இந்த உயரத்துக்கு நாலா?" என்றார். அன்றைக்கு இறங்கினதும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தொப்பியும் பையுமாக யாராவது வந்தால் முட்டியை மடக்கி நில். வயசு கேட்டால் நாலு. நன்றாகக் கற்றுக்கொண்டாள். கூட்டத்தில் நான் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். வீட்டில் ஜெபராஜ் தலைக்கு மேல் ஸ்கேல் வைத்து அவளை வளர்த்துக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் வைத்துக் குறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே பிள்ளை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பின்சீட்டில் அவளை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். "நேத்தும் இப்பிடித்தான் நின்னியா?"

தலையை ஆட்டினாள்.

"நிமிந்து நின்னா ரயில்ல ஏறியிருக்கலாம்லா. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன்?"

என்னை முட்டாளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "நிமிந்தா ஆறு வயசுன்னு தெரிஞ்சிரும். ஒன்ன பகட் பண்ணிருவாங்க. அந்த தீதி மாதிரி ஜெயில்ல போட்டுருவாங்க. டாடிக்கு தோசகூட சுடத் தெரியாது."

பஸ் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. நாலு மாதம் முட்டை தின்று, கம்பியில் தொங்கி, ஒவ்வொரு சென்டிமீட்டராக வளர்ந்த பிள்ளை. அந்தக் கம்புக்கு முன்னால் போய் நின்றபோது, என்னைக் காப்பாற்ற அத்தனையையும் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு, பரவாயில்லை, படகில் போவோம் என்றும் சொல்லியிருக்கிறாள்.

முன்சீட்டில் இருந்த ஜெபராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பட்டறைக்கு பைக்கில் போகிறவர், எங்கள் பஸ் விவகாரம் எதுவும் தெரியாது. திரும்பாமலே, "அந்தப் பொண்ணுட்ட போயி கம்பு தப்புன்னு சண்ட போட்டனேட்டி" என்றார். அப்புறம் திரும்பி, "ஒரு அர டிக்கெட் எடுக்க முடியாமலா போச்சு நமக்கு?" என்று கேட்டார்.

முடியும். முடியாமல் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இனிமேல் நிமிர்ந்து நிற்கலாம், யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள் என்று அக்சாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "நீதான போடுவாங்கன்னு சொன்ன?" என்றாள். நான் சொன்னது பொய் என்றேன். "அப்ப இது?" என்றாள். ஜெபராஜ் கூட வருவார், அவரோடு போய் நிமிர்ந்து நில் என்றேன். அதற்கும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். "நீ வா. வந்து நீ சொல்லு. அப்பத்தான் நிப்பேன்."

ஆக, நான் வரிசையில் நின்றேன். சின்னப் பிள்ளையோடு போகும் பெரியவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்று போர்டு வைத்திருந்தார்கள். மேலே ரயில் போன ஒவ்வொரு தடவையும் அலறல் கேட்டது. காலையில் தின்றது தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துப் போனது.

அதே பெண், அதே தொப்பி, அதே பை. எங்களை மறக்கவில்லை. ஜெபராஜின் பேண்ட் பாக்கெட்டைத்தான் முதலில் பார்த்தாள். அவர் தடுப்புக்கு வெளியே நின்றபடி, "ஸாரி மேடம். ஸ்டிக் கரெக்ட்" என்று மன்னிப்புக் கேட்டார். அவள் அக்சாவிடம் குனிந்து, "நாலு வயசு, இல்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அக்சா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். முட்டி மடங்கியிருப்பது ரெயின்கோட்டுக்கு மேலாகவே எனக்குத் தெரிந்தது.

"சிக்ஸ்" என்றேன். மேலே போன ரயிலின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஷி இஸ் சிக்ஸ். நாலுன்னு சொல்லச் சொன்னது நான்." பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அவளுக்கு என்ன புரிந்ததோ, தோளைக் குலுக்கினாள். வயதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை, கம்பைக் காட்டினாள்.

அக்சா கம்பின் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை. முதலில் முட்டி நிமிர்ந்தது. அப்புறம் முதுகு. அப்புறம் கழுத்து. ரெயின்கோட் மெதுவாகத் தரையை விட்டு ஏறி, ஷூ தெரிந்து, சாக்ஸ் தெரிந்தது. கோடு அவள் உச்சந்தலைக்குக் கீழே போய்விட்டது. கதவில் நிற்க வைத்து அவளை எத்தனையோ தடவை அளந்திருக்கிறோம். வெளியில், நாலு பேர் முன்னால், என் மகள் முழு உயரத்துக்கு நின்று நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவ்வளவு வளர்ந்திருந்தாள்.

ரயிலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கண்ணைத் திறக்கவில்லை. ஏறும்போது ஒரு ஸ்தோத்திரமும் இறங்கும்போது இன்னொன்றும் சொன்னேன், இரண்டிலும் வார்த்தைகள் மாறிப்போயின. பக்கத்தில் அக்சா சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து ஒரு குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபராஜ் முதுகைத் தடவிவிட்டார். அக்சா அவரை இழுத்துக்கொண்டு மறுபடி வரிசைக்கு ஓடினாள். அன்றைக்கு நாலு தடவை போனார்கள்.

நாலாவது தடவைக்குப் பிறகுதான் அது தொடங்கியது. சீருடையில் யாரைப் பார்த்தாலும் அக்சா நேராகப் போய் நின்று, நிமிர்ந்து, "ஐ ஆம் சிக்ஸ்" என்று சொன்னாள். ஐஸ்கிரீம் விற்கிறவரிடம் சொன்னாள். தரை கூட்டுகிறவரிடம் சொன்னாள். அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். கரடியிடம் சொன்னாள். கரடி பேசக்கூடாதாம். அதற்கு ஒரு கையில் நாலு விரல்தான், இன்னொரு கையையும் சேர்த்து ஆறு காட்டியது.

சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதன் பிறகே அங்கிருந்து நகர்ந்தாள். தன் வயதுக்கு என்னிடம் சாட்சி கேட்டாள். எத்தனை தடவை தலையாட்டினேன் என்று தெரியாது. கழுத்து வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டேன்.

பார்க் மூடும் நேரம் வந்தது. மழை விட்டிருந்தது. ரெயின்கோட்டைக் கழற்றி ஜெபராஜ் தோளில் போட்டுக்கொண்டார். கடைசி கேட்டில் தாடி வைத்த ஒரு காவலாளி வெளியே போகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். தொப்பி, குறுக்காகப் பை. அக்சா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

"ஐ ஆம் சிக்ஸ்" என்றாள்.

நான் தலையாட்டத் தயாராக நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.